ஹேடியன் முடிந்தது எப்போது: 380 கோடியா, 400 கோடியா, 403 கோடியா?

நிலவியல் படிக்கும் ஒரு மாணவியின் கேள்வி இது. அப்பாவின் பழைய கல்லூரிப் புத்தகத்தில் பூமியின் முதல் பிரிவு 'அசோயிக்' என்று இருக்கிறது. இவருடைய பாடநூலில் 'ஹேடியன்', முடிவு 380 கோடி ஆண்டுகளுக்கு முன். இன்னொரு புத்தகத்தில் 400 கோடி. புதிய சர்வதேச அட்டவணையில் 403.1 கோடி. போதாக்குறைக்கு ஓரிடத்தில் 'நெக்டேரியன்', 'இம்பிரியன்' என்று உட்பிரிவுகள் வேறு. எது உண்மை, தேர்வில் எதை எழுதுவது?

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்றைய கணக்கில் முதல் பெரும் பிரிவு ஹேடியன்: 456.7 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 403.1 கோடியில் முடிகிறது. அடுத்தது ஆர்க்கியன், 250 கோடி வரை. அப்புறம் புரோட்டரோசோயிக், 53.88 கோடி வரை. அங்கிருந்து இன்றுவரை ஃபனரோசோயிக். இயான் எனப்படும் இந்தப் பெரும் பிரிவைப் பேரூழி என்று எழுதுகிறேன். முதல் மூன்று பேரூழிகளையும் சேர்த்து 'பிரீகேம்பிரியன்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவதும் உண்டு. அது பேச்சு வசதிக்கான பெயர்தான்; பேரூழி, அதன் உட்பிரிவான ஊழி என்ற வரிசையில் அதற்கு இடம் கிடையாது. ஆனால் பூமியின் வயதில் 100க்கு 88 பங்கு அந்த ஒரு சொல்லுக்குள் போய்விடுகிறது.

உங்களிடம் இருக்கும் எண்கள் எதுவும் அச்சுப்பிழை கிடையாது. எல்லைக்கோடு உண்மையாகவே நகர்ந்திருக்கிறது. ஏன் நகர்ந்தது என்பதைப் புரிந்துகொள்ள, மற்ற கோடுகளை எப்படிப் போட்டார்கள் என்று ஒருமுறை பார்த்துவிட்டு வர வேண்டும்.

கேம்பிரியன் காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தொடக்கம் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் ஃபார்ச்சூன் ஹெட் என்ற கடலோரப் பாறைச் சரிவில் இருக்கிறது. அங்கே ஒரு குறிப்பிட்ட அடுக்கில், புழு போன்ற ஏதோ ஒன்று சேற்றைத் துளைத்துப் போன தடம் தலைகாட்டுகிறது. அந்த இடத்தைத்தான் எல்லை என்று 1992இல் முடிவு செய்தார்கள். இப்படிப்பட்ட இடத்தைத் 'தங்க ஆணி' என்பார்கள். தங்கமும் இருக்காது, பெரும்பாலும் ஆணியும் இருக்காது. சில இடங்களில் ஓர் உலோகத் தகடு பதித்திருப்பார்கள். விஷயம் என்னவென்றால், முதலில் பாறையில் கோடு விழுகிறது, அப்புறம் அந்தக் கோட்டுக்கு வயது பார்க்கிறார்கள். வயது நாளைக்குத் திருத்தப்பட்டாலும் கோடு அதே இடத்தில்தான் இருக்கும்.

கேம்பிரியனுக்குக் கீழே இறங்கினால் இந்த வழி சீக்கிரமே கைவிட்டுவிடும். தெற்கு ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடரில், எடியகாரன் காலத்தின் அடியில் 2004இல் ஓர் ஆணி அடித்தார்கள். பிரீகேம்பிரியனில் விழுந்த முதல் ஆணி அதுதான். அதற்குக் கீழே நெடுந்தூரத்துக்கு உயிரினங்கள் எல்லாம் நுண்ணுயிர்கள். காலத்துக்குக் காலம் உருவம் மாறி 'இது இன்ன காலம்' என்று அடையாளம் காட்டக்கூடிய ஓடோ எலும்போ அவற்றுக்கு இல்லை. அதனால் வெறும் எண்ணாலேயே எல்லை போட்டார்கள். ஆர்க்கியன் முடிவதும் புரோட்டரோசோயிக் தொடங்குவதும் 250 கோடியில். ஏன் 249 கோடியாக இல்லை? உலகம் முழுக்க அந்த வயதுக்கு முன்னும் பின்னும் பாறைகளின் தன்மை மாறுகிறது. கணக்குக்கு வசதியாக முழு எண்ணாக வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

இந்த அடித்தளப் பாறைகளுக்குப் பெயர் வைத்த கதைக்கே 250 வயதுக்கு மேல் ஆகிறது. 1759இல் இத்தாலியின் ஜியோவன்னி அர்துயினோ மலைகளை முதல்நிலை, இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை என்று பிரித்தார். சிப்பியும் எலும்பும் இல்லாத, படிகமாக மின்னும் கடினப் பாறைகள் எல்லாம் முதல்நிலைக்குப் போயின. 1835இல் ஆடம் செட்ஜ்விக் வேல்ஸில் கேம்பிரியனுக்குப் பெயர் வைத்தார். அதற்கும் கீழே கிடந்த பாறைகளில் உயிரின் தடம் எதுவும் தெரியாததால், ரோடரிக் மர்ச்சிசன் 1840களில் அவற்றை 'அசோயிக்', அதாவது உயிரற்றது என்றார். உங்கள் அப்பாவின் புத்தகத்தில் இருப்பது அதன் எச்சம்.

அந்தப் பெயரை அசைத்தது ஒரு தவறான கண்டுபிடிப்பு என்பது எனக்குப் பிடித்த பகுதி. 1860களில் கனடாவின் மிகப் பழைய சுண்ணாம்புப் பாறைகளில் பச்சையும் வெள்ளையுமாக மாறி மாறி வரிகள் ஓடும் கற்கள் கிடைத்தன. மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் டாசன் அவற்றை ஒரு ராட்சத ஒற்றைச்செல் உயிரியின் எச்சம் என்று நம்பி, 'கனடாவின் விடியல் உயிரி' என்று பொருள்படும் இயோசூன் கனடென்ஸ் என்ற பெயரைச் சூட்டினார். உயிரின் விடியல் என்று ஒரு தனி ஊழியே வேண்டும் என்றும் சொன்னார். கடைசியில் 1894இல், வெசுவியஸ் எரிமலை வெளியே தள்ளிய சுண்ணாம்புக் கற்களிலும் அதே வரிகள் இருப்பது தெரிந்தது. சூடேறினால் சுண்ணாம்புக் கல்லில் உயிர் எதுவும் இல்லாமலே வரக்கூடிய வரிகள் அவை. டாசன் சாகும்வரை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் இந்தத் தீர்ப்பு வருவதற்கு முன்பே 'உயிரற்றது' என்று துணிந்து சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. 1872இல் அமெரிக்காவின் ஜேம்ஸ் டானா 'ஆர்க்கியன்' என்ற சொல்லைக் கொடுத்தார். கிரேக்கத்தில் தொடக்கம், பழமை என்று பொருள். உயிர் இருந்ததா இல்லையா என்று எந்தப் பக்கமும் சாயாத பெயர்.

சரி, ஹேடியனுக்கு வருவோம். 1972இல் இந்தப் பெயரைக் கொடுத்தவர் அமெரிக்காவின் பிரெஸ்டன் கிளவுட். ஹேடிஸ் கிரேக்கர்களின் பாதாள உலகம், அதை ஆள்பவனின் பெயரும் அதுவே; நம் எமனையும் எமலோகத்தையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். உருகிய பாறைக் கடல், ஓயாமல் விழும் விண்கற்கள் என்றுதான் அந்தக் காலத்தைக் கற்பனை செய்திருந்தார்கள். ஆனால் கிளவுட் கண்ட எல்லைதான் இங்கே முக்கியம். பாறைப் பதிவு கிடைக்கும் இடத்தில் ஆர்க்கியன் தொடங்கும். அதற்கு முந்தைய, பாறையே இல்லாத காலம் ஹேடியன். மற்ற பிரிவுகள் எல்லாம், எண்ணால் எல்லை போட்டவைகூட, அவற்றில் என்ன இருக்கிறது என்பதை வைத்துப் பிரிக்கப்பட்டவை. இது மட்டும் என்ன இல்லை என்பதை வைத்துப் பிரிக்கப்பட்டது. அதனால் யாராவது இன்னும் பழைய பாறையைக் கண்டெடுத்தால் கோடு பின்னால் போய்த்தான் ஆக வேண்டும்.

அப்படித்தான் போனது. 1970களில் உலகின் மிகப் பழைய பாறைகள் என்று அறியப்பட்டவை மேற்கு கிரீன்லாந்தில் இருந்தன, வயது 370 முதல் 380 கோடி. அப்பல்லோ விண்வெளி வீரர்கள் கொண்டுவந்த நிலவுக் கற்களிலும் 390 கோடியை ஒட்டிய மோதல் வயதுகள் குவிந்து கிடந்தன. அந்தப் பெரும் மோதல் ஓய்ந்த பிறகுதான் பூமியில் பாறை நிலைத்தது என்று கதையும் பொருந்தி வந்தது. உங்கள் பாடநூலின் 380 கோடி அங்கிருந்து வந்தது. பிறகு கனடாவின் வடமேற்குப் பிரதேசத்தில், அகாஸ்டா ஆற்றங்கரையில் நைஸ் பாறை ஒன்று கிடைத்தது; சூட்டிலும் அழுத்தத்திலும் உருமாறி வரிவரியான பாறை அது. சிறு விமானத்தில் போய் இறங்க வேண்டிய ஆளில்லாக் காடு அது. 1989இல் அதன் வயது 396 கோடி என்றார்கள். 1999இல் இன்னும் பழைய பகுதி ஒன்றை அளந்து 403 கோடி என்றார்கள். கோடு 400 கோடி என்ற முழு எண்ணுக்கு நகர்ந்தது, அதுவும் அரைகுறை அங்கீகாரத்தோடுதான். 2022இல்தான் ஹேடியனை முறைப்படி பேரூழியாக ஏற்று, அகாஸ்டா பாறையின் வயதையே எல்லையாக்கினார்கள்: 403.1 கோடி, 30 லட்சம் ஆண்டு முன்பின் இருக்கலாம்.

பாறையே இல்லை என்றால் அந்தக் காலத்தைப் பற்றி எதுவுமே தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். பாறை இல்லை, ஆனால் பாறையிலிருந்து உதிர்ந்த மணல் கொஞ்சம் இருக்கிறது.

சிர்கான் என்ற கனிமம் நமக்கு அந்நியமில்லை. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் இல்மனைட், கார்னெட், மோனசைட்டோடு கலந்து கிடக்கிறது. அப்பன் பாறை தேய்ந்து பொடியாகிப் போன பிறகும் சிர்கான் மணி மட்டும் தப்பித்து, ஆற்றில் உருண்டு, வேறொரு பாறைக்குள் சிக்கி, அதுவும் உருமாறி, அப்போதும் உள்ளே தன் கணக்கைப் பத்திரமாக வைத்திருக்கும். படிகமாகும்போது அது யுரேனியத்தைக் கொஞ்சம் உள்ளே விடும், ஈயத்தை விடாது. ஆகவே பின்னால் உள்ளே காணப்படும் ஈயம் அநேகமாக எல்லாமே யுரேனியம் சிதைந்து வந்தது. அதிலும் இரண்டு கணக்கு ஓடுகிறது. யுரேனியம்-238 பாதியாக 447 கோடி ஆண்டு ஆகும். அதிலிருந்து ஒரு வகை ஈயம் வரும். யுரேனியம்-235 பாதியாக 70 கோடி ஆண்டு போதும். அதிலிருந்து வேறு வகை ஈயம். மளிகைக் கடையில் பற்று வைத்திருந்தால் கடைக்காரரிடம் ஒரு நோட்டு, வீட்டில் ஒரு நோட்டு இருக்குமே, அதுபோல. இரண்டும் ஒரே தொகையைக் காட்டினால் நம்பலாம். ஒத்துப்போகவில்லை என்றால் நடுவில் ஈயம் கசிந்திருக்கிறது என்று அர்த்தம்.

மேற்கு ஆஸ்திரேலியாவில் ஜேக் ஹில்ஸ் என்ற வறண்ட குன்றுகள் இருக்கின்றன. அங்கே கூழாங்கற்கள் இறுகி உண்டான ஒரு பாறைக்கு வயது ஏறத்தாழ 300 கோடி. அதை உடைத்துப் பொடியாக்கி, கனமான திரவத்தில் போட்டு லேசானவற்றை மிதக்கவிட்டு, காந்தத்தால் இரும்புச் சத்துள்ளவற்றைப் பிரித்து, மிஞ்சுவதை நுண்ணோக்கிக்குக் கீழே ஊசியால் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். பொறுக்கிய மணிகளைப் பிசினில் புதைத்துப் பாதியாகத் தேய்த்தால், மரத்தின் ஆண்டு வளையம் போல உள்ளே வளர்ச்சி வரிகள் தெரியும். அந்த வரிகளில் அயனிக் கற்றையைப் பாய்ச்சி, தலைமுடியை விடச் சின்னக் குழி தோண்டி, வரும் அணுக்களை எண்ணுவார்கள். இதற்கான கருவியைக் கட்டியது கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகம். 1983இல் பக்கத்துக் குன்றான மவுண்ட் நேரியரில் 410 கோடியைத் தாண்டிய மணிகள் கிடைத்தன. 2001இல் ஜேக் ஹில்ஸ் மணி ஒன்றின் ஒரு மூலைக்கு 440.4 கோடி என்று வந்தது. பூமியில் இதுவரை கையில் கிடைத்த துணுக்குகளில் மிகப் பழையவை இந்தக் குன்றுகளிலிருந்து வந்தவைதான்.

வயதை விடப் பெரிய அதிர்ச்சி அந்த மணிகளில் இருந்த ஆக்சிஜன். கனமான ஆக்சிஜன்-18 எதிர்பார்த்ததை விடக் கூடுதலாக இருந்தது. மேற்பரப்பில், அதிகச் சூடில்லாத திரவ நீரோடு உறவாடிய பாறை பிறகு ஆழத்தில் போய் உருகினால்தான் இப்படி வரும். அப்படியானால் 430 கோடி ஆண்டுகளுக்கு முன்பே இங்கே தண்ணீர் இருந்திருக்கிறது, ஒருவேளை கடலே இருந்திருக்கலாம். எமலோகம் என்று பெயர் வைத்த இடத்தில் தண்ணீர்! பெயர் பொருத்தமில்லை என்று பலர் சொல்லியாகிவிட்டது. இனி மாற்றப்போவதில்லை, நம்மூரில் பழைய பெயரிலேயே நிற்கும் பஸ் ஸ்டாப் போல.

இந்தியாவிலும் இப்படி ஒன்று இருக்கிறது. ஒடிசாவின் கியோஞ்சர் பகுதியில், தானே 340 கோடி ஆண்டுப் பழமையான ஒரு கிரானைட் வகைப் பாறைக்குள் 424 கோடி வயதான சிர்கான் இருப்பதாக 2018இல் வெளியிட்டார்கள்.

ஒரு ஒப்பீடு சொல்கிறேன். ஹேடியனின் நீளம் 53.6 கோடி ஆண்டு. கேம்பிரியனிலிருந்து நீங்கள் இதைப் படிக்கும் இந்த நிமிஷம் வரை 53.9 கோடி. கிட்டத்தட்ட சமம். டிரைலோபைட், முதல் மீன், நிலக்கரிக் காடு, டைனோசர், யானை, மனிதன் எல்லாரும் வந்துபோன அளவு காலம் ஹேடியனுக்குள்ளும் ஓடியிருக்கிறது. அதற்கு நம்மிடம் இருக்கும் சாட்சி, உள்ளங்கையில் அள்ளிவிடக்கூடிய மணல்.

தொடக்க எல்லையிலும் ஒரு வேடிக்கை உண்டு. 456.7 கோடி என்பது பூமியின் வயது என்றே எல்லாரும் சொல்கிறோம். உண்மையில் அது சில விண்கற்களுக்குள் இருக்கும் வெள்ளைப் புள்ளிகளின் வயது. 1969 பிப்ரவரியில் மெக்சிகோவின் அயெண்டே கிராமத்தருகே விழுந்த விண்கல் இந்த வகைக்குப் பேர்போனது. சூரியனைச் சுற்றியிருந்த வாயு குளிர்ந்தபோது முதலில் திடமானவை, கால்சியமும் அலுமினியமும் செறிந்த அந்தப் புள்ளிகள். அப்போது பூமி இல்லை. அது திரண்டு சேரவும், செவ்வாய் அளவிலான ஒன்று மோதி நிலவு பிறக்கவும் அதற்கு மேல் சில கோடி ஆண்டுகளாவது ஆனது. பூமியின் முதல் பேரூழி பூமி பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது என்றால் கணக்கு இடிக்கிறதே? 2010இல் கோலின் கோல்ட்பிளாட் உள்ளிட்ட நால்வர் இதற்கு ஒரு வழி சொன்னார்கள்: நிலவை உண்டாக்கிய மோதல்வரை 'கேயோட்டியன்', அதன் பிறகே ஹேடியன். ஹேடியனை மூன்று ஊழிகளாகப் பிரித்து, உள்ளே அகாஸ்டன், ப்ரொமீதியன் என்றெல்லாம் பெயரும் வைத்தார்கள். எனக்கு இந்த யோசனை பிடிக்கும். ஆனால் அட்டவணை அதை ஏற்கவில்லை.

உங்களைக் குழப்பிய நெக்டேரியனும் இம்பிரியனும் நிலவின் காலப்பிரிவுகள், அங்குள்ள பெரிய மோதல் வட்டங்களின் பெயரால் வந்தவை. பூமியில் பாறை இல்லாததால், பிரிட்டன் நிலவியலாளர் ஹார்லண்டும் சகாக்களும் 1990இல் வெளிவந்த தங்கள் கால அட்டவணையில் நிலவின் பெயர்களைக் கடன் வாங்கினார்கள். 'கிரிப்டிக்' என்று முதல் பகுதிக்குப் பெயர், மறைவானது என்று பொருள். அதைப் பார்த்து எழுதியவர்களைப் பார்த்து எழுதியவர்கள் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். நிலவுக் கற்களில் கண்ட அந்த 390 கோடிக் குவியலே ஒரே ஒரு பெரிய மோதலின் குப்பை எல்லா அப்பல்லோ தளங்களிலும் சிதறியதால் வந்த தோற்றமாக இருக்கலாம் என்று இப்போது பலர் சந்தேகிக்கிறார்கள்.

ஆர்க்கியனைப் பற்றிச் சுருக்கமாக. நான்கு ஊழிகள்: இயோ ஆர்க்கியன் 360 கோடி வரை, பேலியோ 320 வரை, மீசோ 280 வரை, நியோ 250 வரை. எல்லாம் முழு எண்கள், மேலே சொன்ன காரணம்தான். நுண்ணுயிர்கள் படலம் படலமாகக் கட்டிய ஸ்ட்ரோமடோலைட்கள் மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பராவில் 348 கோடி ஆண்டுப் பாறைகளில் இருக்கின்றன. புத்தகத்தை மூடிவிட்டு ஆர்க்கியனைத் தொட்டுப் பார்க்க ஆசையிருந்தால் பெங்களூர் லால்பாக் போங்கள். கெம்பேகவுடா கோபுரம் நிற்கும் அந்த மொட்டைப் பாறை தீபகற்ப நைஸ், வயது சுமார் 300 கோடி. வெயில் சாய்ந்த பிறகு போனால், கறுப்பும் வெளுப்புமாக வரிகள் மாவு பிசைந்தது போல வளைந்து ஓடுவது நன்றாகத் தெரியும்.

250 கோடி எல்லைக்குச் சென்னையிலேயே சாட்சி இருக்கிறது. பரங்கிமலை, பல்லாவரம், திரிசூலம் பக்கத்துக் கருங்கல் சார்னோகைட். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல் இந்த வகைப் பாறை என்பதால் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893இல் வைத்த பெயர் அது. வயது ஏறத்தாழ 250 கோடி, அதாவது ஆர்க்கியன் முடிந்து புரோட்டரோசோயிக் தொடங்கும் வாசல்படி. தென்சென்னையில் பழைய வீடு என்றால், அந்த வாசல்படியை உடைத்த ஜல்லி உங்கள் தளத்துக்குள்ளேயே கிடக்கலாம்.

இனித் தேர்வு விஷயம். ஹேடியன் 456.7 முதல் 403.1 கோடி என்று எழுதுங்கள். பாடநூலில் 380 அல்லது 400 இருந்தால் அடைப்புக்குறிக்குள் அதையும் போட்டு, 2022க்கு முந்தைய எல்லை என்று குறித்துவிடுங்கள். திருத்துபவர் எந்தப் புத்தகத்தை வைத்திருந்தாலும் மார்க் வெட்ட முடியாது. உட்பிரிவு கேட்டால், ஹேடியனுக்கு அதிகாரபூர்வமாக எதுவும் இல்லை என்பதே சரியான விடை. அட்டவணையில் அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் வெறும் நிறம்தான் அடித்திருக்கிறார்கள்.

கோடு இன்னும் பின்னால் போகுமா என்று வாய்மொழித் தேர்வில் கேட்டால், கியூபெக்கில் ஹட்ஸன் விரிகுடாக் கரையில் உள்ள நுவ்வுவாகிட்டுக் பாறைகளைச் சொல்லுங்கள். 2008இல் அவற்றுக்கு 428 கோடி என்று சொன்னபோது பாதிப் பேர் நம்பவில்லை. அந்தப் பாறைகளில் சோதித்துப் பார்க்கத் தோதான பழைய சிர்கான் கிடையாது, சமாரியம் என்ற தனிமம் சிதைந்து நியோடிமியமாகும் கணக்கை மட்டும் நம்ப வேண்டியிருந்தது. 2025இல் அதே இடத்தில், பழைய பாறைக்குள் பின்னால் புகுந்து உறைந்த பகுதியை அளந்து 416 கோடி என்று வெளியிட்டிருக்கிறார்கள். சமாரியத்தின் இரண்டு ஐசோடோப்புகளும் இந்தமுறை ஒரே வயதைக் காட்டுகின்றன, அதாவது இரண்டு நோட்டும் ஒத்துப்போகின்றன. அதை எல்லாரும் ஏற்றால், உலகின் மிகப் பழைய பாறை ஹேடியனுக்குள்ளேயே இருக்கும்.